எதிர்வீட்டுப் படியில் ஒரு போன்கால்

“மாப்பிள்ளைக்கு ஸ்டியரிங் பிடிக்கத்தான் தெரியும். ஸ்பானர் பிடிக்கத் தெரியாது.”

எட்டு மாதத்துக்கு முன்னால், சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்த இடத்தில் மெக்கானிக் சொன்ன வார்த்தை இது. எல்லோரும் சிரித்தார்கள். ஸ்கூல் வேன் ஓட்டும் மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அன்றைக்கு அறுந்த பேச்சுதான்.

மெக்கானிக் வேறு யாருமில்லை, மனைவியின் சொந்த அண்ணன். பக்கத்துத் தெருவிலேயே ஒர்க்‌ஷாப். ஆனாலும் வேனுக்கு பெல்ட் மாற்றும் நேரம் வந்தபோது மாப்பிள்ளை அந்தப் பக்கம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் வேனை நிறுத்தி, பானெட்டைத் திறந்துவிட்டார். டைமிங் பெல்ட் ஒன்று, டீசல் பம்ப் பெல்ட் ஒன்று. வீடியோவை நாலு தடவை பார்த்தாயிற்று.

“ஒரு பல்லு தள்ளி மாட்டினாலே இன்ஜின் காலியாமே,” என்றாள் மனைவி. “நாளைக்குப் பன்னெண்டு பிள்ளைங்க காத்துக்கிட்டு நிக்கும். இந்த வண்டி போச்சுன்னா நம்ம பொழப்பே போச்சு. அண்ணனை ஒரு வார்த்தை கேட்டா என்ன?”

“அதுக்குப் பன்னெண்டு பிள்ளைங்களையும் முதுகுல தூக்கிட்டு ஓடுவேன்.”

சொல்லி வாய் மூடவில்லை. அண்ணனே வந்து எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்தார். ஒரு பேச்சு, ஒரு தலையாட்டல் கிடையாது. காதில் போனை வைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

“சொல்லுங்க சார். என்னது, டைமிங் பெல்ட்டா? வீட்டுலயே மாத்துறீங்களா? சரி, தைரியம்தான். முதல்ல பேட்டரி வயரைக் கழட்டுங்க.”

மாப்பிள்ளை கழற்றியிருக்கவில்லை. சத்தம் போடாமல் கழற்றினார்.

“பழைய பெல்ட்டை உருவறதுக்கு முன்னாடி மேல் புல்லிச் சக்கரத்துலயும் கீழ் புல்லியிலயும் பெயிண்ட்ல ஒரு கோடு போடுங்க. இன்ஜின்லயும் அதுக்கு நேரா ஒரு கோடு. கோடு இல்லாம கழட்டிட்டு அப்புறம் எதை வெச்சு மாட்டுவீங்க?”

பெல்ட்டில் வைத்த கையை மாப்பிள்ளை வெடுக்கென்று எடுத்தார். வீட்டில் பெயிண்ட் இல்லை. மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷ் இருந்தது.

“பாத்தீங்களா அநியாயத்தை?” அவள் பொரிந்தாள். “கூடப் பிறந்தவ புருஷன் இங்க மல்லாடிக்கிட்டிருக்காரு. யாரோ ஊர் பேர் தெரியாத ஆளுக்குப் பாடம் நடத்திட்டிருக்காரு. மனுஷனா இவரு?”

“மெதுவா பேசு. அவர் சொல்றது காதுல விழல.”

மாப்பிள்ளைக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. எவனோ கேட்கிறான், இவர் ஓசியில் படித்துக்கொண்டிருக்கிறார். யார் காலிலும் விழவில்லை, மானம் மரியாதை எல்லாம் அப்படியே இருக்கிறது.

இரண்டு மணி நேரம் போனது. புது டைமிங் பெல்ட் ஏறிவிட்டது. இன்ஜின் சுற்றுகிறதா என்று ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று மாப்பிள்ளைக்குக் கை அரித்தது. பேட்டரி வயரை மாட்டிவிட்டு, பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்தார்.

“ஐயோ சார், சாவியைத் தொடாதீங்க.” எதிர்வீட்டுப் படியில் குரல் பதறியது. “கீழ் புல்லியில ஸ்பானரைப் போட்டு, கையால ரெண்டு சுத்து சுத்துங்க. கோடெல்லாம் நேரா நிக்குதான்னு பாருங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன்.”

மாப்பிள்ளை சுற்றிப் பார்த்தார். கீழ்க்கோடு நேராக நின்றது. மேல்கோடு ஒரு பல் தள்ளி நின்றது. சாவியைத் திருப்பியிருந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டி, இன்ஜின் போயே போயிருக்கும். பெல்ட்டைக் கழற்றி மறுபடி மாட்டினார். இந்த முறை எல்லாக் கோடும் சொன்னபடி நின்றது.

அப்போதுதான் மெக்கானிக்கின் மனைவி வேகவேகமாக வந்தாள். அவள் கையில் ஒரு போன் அடித்துக்கொண்டிருந்தது.

“உங்க அண்ணன் இங்க வந்தாரா?” என்று நாத்தனாரைக் கேட்டாள். “போனை வீட்டுலயே போட்டுட்டு வந்துட்டாரு. காலையிலேருந்து கத்திக்கிட்டே கிடக்கு. டிவி ரிமோட்டை வேற காணோம்.”

மூன்று பேரும் எதிர்வீட்டுப் படியைப் பார்த்தார்கள். மெக்கானிக் காதில் கறுப்பாக ஒன்றை வைத்துக்கொண்டு, “ம்... ம்... சொல்லுங்க சார்,” என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு மாத வீராப்பு மொத்தமும் கரைந்துபோனது. கண்ணை கிரீஸ் கையாலேயே துடைத்துக்கொண்டார்.

போனைக் கொடுக்க மெக்கானிக்கின் மனைவி தெருவைத் தாண்டப் போனாள். மாப்பிள்ளை ஓடிப்போய் மறித்தார்.

“இருங்க அக்கா, அவர் பேசி முடிக்கட்டும். எனக்கு இன்னும் பம்ப் பெல்ட் பாக்கி இருக்கு.”