வலக்கண் கட்டு

இமயச் சரிவில், கண் முகாம் நடக்கும் பள்ளி முற்றத்தில் காலை வெயில் பளிச்சென்று விழுகிறது. மூன்று வருடமாகப் பார்வையில்லாத சுகுமாயாவுக்கு நேற்றுதான் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. நர்ஸ் பிமலா அவளது வலக்கண் கட்டைப் பிரிக்கிறாள்; கணவன் கர்சாங் பக்கத்தில் நிற்கிறான். வெளிச்சம் குத்த, சுகுமாயாவின் கை கண்ணுக்குப் போகிறது. “கசக்காதீங்கம்மா! தண்ணியும் படக்கூடாது. சொட்டு மருந்து ஒரு வேளைகூடத் தப்பக்கூடாது.” பிமலா கையை நீட்டுகிறாள். “இது எத்தனை விரல்?” சுகுமாயா மெல்ல இமைக்கிறாள். “விரல் கிடக்கட்டும் மகளே, சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கியே!” முற்றமே வெடித்துச் சிரிக்கிறது. கர்சாங் கண்ணைத் துடைத்தபடி, மலைப்பாதையில் அவளை உட்காரவைத்துச் சுமந்து வந்த கூடையை முதுகில் மாட்டி, அவள் ஏறுவதற்காகக் குனிகிறான். “அதுல விறகு எடுத்துட்டு வாய்யா,” என்று சொல்லிவிட்டு, அவள் தலை நிமிர்ந்து முன்னால் நடக்கிறாள்.