கவுன் பாக்கெட்

அவள் குனிந்து, மகளின் கவுன் பாக்கெட்டுக்குள் சங்கைப் போட்டாள்.

"அப்பாகிட்டகூட சொல்லாத."

மகிழினி தலையாட்டினாள். ஐந்து வயது. ரகசியம் என்றால் உயிர்.

காலையில் படகு தீவைத் தொட்டதுமே சொல்லியிருந்தார்கள். பவளப்பாறையை மிதிக்கக் கூடாது. மீனுக்குப் பொரி போடக் கூடாது. தீவிலிருந்து ஒரு கிளிஞ்சல்கூட வெளியே போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் அவளும்தான் தலையாட்டினாள்.

ஆனால் அழகு கண்ணில் பட்டுவிட்டால் கை சும்மா இருக்குமா?

முழங்கால் தண்ணீரில் கிடந்தது. உள்ளங்கைக்குள் அடங்கியது. வெள்ளையும் பழுப்புமாக, வலை பின்னியதுபோல மேலெல்லாம் கோலம். நாமக்கல் வீட்டு ஷோகேஸில் அதற்கு இடம்கூடப் பார்த்துவிட்டாள். நாத்தனார் வந்தால் முதலில் கண்ணில் படும் தட்டு.

படகுத்துறையில் சோதனை நடந்தது.

வனக்காவலர் எஸ்தர்ராணி ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்தார். அந்தமானிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். காலடியில் ஒரு சிவப்பு வாளி, நிறையக் கடல்தண்ணீர். பிடிபட்டவையெல்லாம் அதற்குள் கிடந்தன. சாயங்காலம் படகுக்காரர் கொண்டுபோய்ப் பாறையருகே விட்டுவிடுவாராம்.

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். அவள்தான் கனத்தை இடம் மாற்றிவிட்டாளே. குழந்தையை யார் தடவிப் பார்க்கப் போகிறார்கள்?

எஸ்தர்ராணி மகிழினியின் கன்னத்தைத் தட்டி, போகலாம் என்றார்.

அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. கணவன் பைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டிருந்தான்.

பின்னால் நின்ற ஆளின் தொப்பிக்குள்ளிருந்து ஒரு சங்கு வெளியே வந்தது. எஸ்தர்ராணி அதைக் கையால் தொடவில்லை. இடுக்கியால் எடுத்தார்.

அதே வலைக் கோலம்.

"உள்ள உயிர் இருக்குங்க. ஊசி மாதிரி ஒண்ண வெளிய விட்டுக் கொட்டும். சில பேருக்கு வலிக்கவே வலிக்காது, மரத்துப் போகும். அப்புறம் மூச்சு நிக்கும். இதுக்கு மாத்து மருந்தே கிடையாது."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

மகிழினியின் வலது கை பாக்கெட்டுக்குள் இருந்தது.

இத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். கவுனைப் பற்றி உதறினாள். பாக்கெட் கிழிந்து, சங்கு துறைப் பலகையில் விழுந்து உருண்டது.

எஸ்தர்ராணி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"பாப்பா, இத தொட்டியாம்மா?"

"அது வெளிய எட்டிப் பாத்துச்சு. நான் தடவிக் குடுத்தேன்."

எஸ்தர்ராணி வாக்கிடாக்கியை எடுத்துக்கொண்டு துறையின் முனைக்கு ஓடினார். ஸ்பீட் போட் வரவேண்டும். ஆஸ்பத்திரி அடுத்த தீவில். கணவன் பைகளைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தான். தானே தன் கையால் போட்டதை எப்படிச் சொல்வது?

யாரோ சங்கை இடுக்கியால் எடுத்து வாளிக்குள் விட்டார்கள். அது மெல்ல நகரத் தொடங்கியது.

அவள் பலகையிலேயே உட்கார்ந்து, மகளின் கையை மடியில் வைத்துக்கொண்டாள். சிவக்கவில்லை. வீங்கவில்லை. ஒரு புள்ளிகூட இல்லை.

சுண்டுவிரலை அழுத்தினாள்.

"தெரியுதா கண்ணு?"

"ம்."

மோதிர விரல்.

"ம்."

மகிழினிக்கு அது விளையாட்டாகப் பட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

நடுவிரல்.

"ம்."

ஆள்காட்டி விரல்.

குழந்தை காத்திருந்தாள். உதட்டோரம் சிரிப்பு.

"அழுத்தும்மா."

அவள் அழுத்திக்கொண்டுதான் இருந்தாள்.