பத்து தீகாவின் கடைசி வளைவு

எழுபத்தெட்டாம் ஆண்டின் பிற்பகல் வெயிலில் மலேசியாவின் பத்து தீகா கார்ப் பந்தயப் பாதை கானலாய் நெளிகிறது. கம்பிவேலியோரம் குணபூசணி நிற்கிறாள். அவள் கணவன் விநாயகமூர்த்தியின் சிவப்புக் காரும் அவனுடைய போட்டியாளன் சோலையப்பனின் நீலக் காரும் உரசிக்கொள்ளாத குறையாகக் கடைசிச் சுற்றில் பாய்கின்றன. சிங்கப்பூர்ப் பந்தயக் குழு அடுத்த ஆண்டுக்கு இருவரில் ஒருவரைத்தான் எடுக்கும் என்று காலையிலிருந்தே பேச்சு. "இன்னிக்கு ஜெயிக்கிறவருக்குத்தான் அந்தக் குழுவுல இடமாம் லா, அக்கா," என்கிறான் பக்கத்தில் நிற்கும் மெக்கானிக். இரண்டு கார்களும் மேட்டுக்குப் பின்னால் மறைகின்றன. டயர்கள் கிறீச்சிடுகின்றன, தொடர்ந்து தகரம் நசுங்கும் ஓசை. வளைவிலிருந்து நீலக் கார் மட்டும் வெளியே வருகிறது. வெற்றிக்கோட்டுக்கு நூறு கஜம்கூட இல்லை. சோலையப்பன் பிரேக்கை மிதிக்கிறான். காரை அப்படியே விட்டுவிட்டு வந்த வழியே ஓடுகிறான். "மூர்த்தி, பெல்ட்டக் கழட்டு, வெளிய வா," என்ற அவன் குரல் மேட்டைத் தாண்டித் தேய்கிறது. கரும்புகை எழுகிறது. ஓட நினைக்கிறாள், கம்பிவேலி தடுக்கிறது. வெகுநேரம் கழித்து, புகைக்குள்ளிருந்து சோலையப்பன் வருகிறான், தோளில் அவள் கணவனைச் சுமந்தபடி. தொங்கும் கையை மட்டும் பார்க்கிறாள். அது மெல்ல எழுந்து சோலையப்பனின் சட்டையைப் பற்றிக்கொள்கிறது.