கரண்டியில் உட்கார்ந்த தட்டான்

தட்டான்கள் வரட்டும் என்று மரியசெல்வம் கொல்லையில் சிமெண்ட் தொட்டி ஒன்றைப் புதைத்துத் தண்ணீர் நிரப்பி, அல்லி போட்டு, அவை உட்காரக் கரையெல்லாம் மூங்கில் குச்சிகள் நட்டிருந்தார். தவளை வந்தது. பக்கத்து வீட்டுப் பூனைகூட வந்து தண்ணீர் குடித்தது. தட்டான்கள் மட்டும் உயரத்திலேயே வட்டமடித்துவிட்டுப் போயின. இன்று காலை நகராட்சியிலிருந்து கொசு மருந்து ஊற்ற வேம்பு வந்துவிட்டாள். “தண்ணி தேங்கியிருந்தா ஊத்தியே ஆகணும் சார்.” “தட்டான் முட்டை வச்சா குஞ்சே கொசுப்புழுவைத் தின்னுரும்மா. மருந்து ஊத்தினா அதுவும் செத்துரும்.” “தட்டான் எங்க சார்? காட்டுங்க பாப்போம்.” அவரிடம் காட்ட ஒன்றுமில்லை. புழு இருக்கிறதா என்று பார்க்க, நீளக் காம்புக் கரண்டியால் தண்ணீரை மொண்டு வெயிலில் உயர்த்தினாள். அத்தனை குச்சிகளையும் விட்டுவிட்டு, ஒரு சிவப்புத் தட்டான் கரண்டி விளிம்பில் வந்து உட்கார்ந்தது. “அசையாதம்மா,” என்றார் மரியசெல்வம், குரலே எழாமல். “நான் எங்க சார் அசையறேன். நீங்க பேசாம இருங்க.” உயர்த்திய கரண்டியை அவள் இறக்கவில்லை. மறு கையிலிருந்த மருந்துப் பாட்டிலின் மூடியைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி மூடினாள். தெருவிலிருந்து அவள் வேலையை மேற்பார்க்கும் மேஸ்திரி கூப்பிட்டார்: “வேம்பு, அங்க ஊத்தியாச்சா?” தட்டான் சிறகை ஒருமுறை தாழ்த்தி நிமிர்த்தியது. மூடிய பாட்டிலை வேம்பு மெல்ல இடுப்பில் செருகிக்கொண்டாள்.