கூடுதல் வசதி

“குறைஞ்ச வெலையிலயும் வீடியோ கேம் பெட்டி இருக்காம்லா. எதுக்கு இம்புட்டு ரூவா குடுத்து இதை வாங்குனீக?” காலண்டர் கம்பெனி முதலாளி காளிராஜிடம் மனைவி கற்பகவல்லி கேட்டாள்.

“இதோட ஹெட்போனும் மைக்கும் தாரான். எந்த நாட்டுக்காரன்கூடயும் பேசிக்கிட்டே விளையாடலாம்.”

“நீங்கதான் வாயே தொறக்கிறதில்லையே.”

“கேக்கலாம்ல.”

‘சிவகாசிப் பய’ என்ற பெயரில் காளிராஜ் ஆட்டத்தைத் தொடங்கினார். விளையாடும்போது தும்மலைக்கூட அடக்கிக்கொள்வார்.

பக்கத்தில் உட்கார்ந்து, கனடாவிலிருக்கும் மகனுக்குப் போன் போட்டாள் கற்பகவல்லி.

ஹெட்போனில் எதிராளியின் குரல் கேட்டது. “ஏலே சிவகாசி, செத்த பொறு. எங்கம்மா கூப்பிடுது. கட் பண்ணிட்டு வாரேன்.”

“எடுக்க மாட்டேங்கான். பாவம், பிள்ளைக்கு என்ன வேலையோ” என்றாள் அவள்.

அவள் குரல் மகனுக்குக் கேட்டுவிடாதபடி மைக்கைப் பொத்திக்கொண்டு, காளிராஜ் தலையை மட்டும் ஆட்டினார்.