நீளமான ஊசி

வரிசையில் அடுத்து நின்றது நர்ஸின் கணவன்.

ஊசி அறையில் ஒரு சின்ன ஆரவாரம் எழுந்தது. அன்று ஊழியர்களின் குடும்பத்தாருக்குக் காய்ச்சல் தடுப்பூசி. மற்ற நர்ஸ்களின் வீட்டுக்காரர்கள் வந்து போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். இவனுக்காகத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள்.

வீட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றி இறக்குவது அவன் தொழில். பீரோவைத் தனியாளாக முதுகில் வாங்கி மாடிப்படி இறங்குகிற ஆள். ஆனால் ஊசி என்றால் பேச்சுமூச்சு இருக்காது. கல்யாணமான புதிதில் துருப்பிடித்த ஆணி குத்தியதற்கு ஊசி போடப் போய் அவன் மயங்கி விழுந்ததை, நர்ஸே இந்த அறையில் பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறாள். மயங்குகிற இடத்தில் கொஞ்சம் கூடுதலாகவே நடிப்பாள்.

"அண்ணே, பிடிச்சுக்க ரெண்டு பேரைக் கூப்பிடட்டுமா?" என்றார் மருந்து கொடுக்கிறவர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான்.

நர்ஸ் அவனுக்கென்று நீளமான ஊசியை எடுத்து வைத்திருந்தாள். பயமுறுத்த அல்ல. சதை போட்ட கையில் குட்டை ஊசி போட்டால் மருந்து கொழுப்போடு நின்றுவிடும், தசைக்குப் போய்ச் சேராது. மெலிந்த கையில் நீள ஊசி போட்டால் எலும்பில் போய் முட்டும். கையைப் பார்த்துத்தான் ஊசியை எடுக்க வேண்டும்.

இவன் கையை அவள் பார்க்கவா வேண்டும்?

அவன் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றித் தோளை வெளியே எடுத்தான்.

தோள் எலும்பைத் தடவி, அதற்குக் கீழே விரல்களை வைத்தாள். அவளுடைய இரண்டு கைக்கும் அடங்காத புஜம் அது. இப்போது ஒரு கைக்குள் வந்துவிட்டது.

டயட் என்றுதான் சொல்லியிருந்தான். தொப்பை போனதில் அவளுக்கு ஏகப் பெருமை, இதே அறையில் எல்லோரிடமும் அளந்துவிட்டிருக்கிறாள். இன்றைய ஊசி வேலை போக அவளுக்கு எப்போதும் நைட் டியூட்டி, அவனுக்குப் பகல் வேலை. கொஞ்ச காலமாக இருவரும் வாசலில் சாவியை மாற்றிக்கொள்வதோடு சரி. டயட்டில் தொப்பை போகும். பீரோ தூக்குகிறவனுடைய தோள் இப்படிப் போகாது.

நீள ஊசியைத் தள்ளிவைத்தாள். குட்டையானதை எடுத்தாள்.

கையைத் தளர்த்திக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குத் தேவையே இருக்கவில்லை. உள்ளங்கையைத் தொடைமேல் போட்டு, முழங்கையை லேசாக விலக்கி, தோளைத் தொங்கவிட்டு அவன் தயாராக உட்கார்ந்திருந்தான்.

புதிதாக வருகிறவர்களுக்கு அப்படி உட்காரத் தெரியாது. விறைத்துக்கொள்வார்கள். குத்திக் குத்தி, வலித்து வலித்து, அப்புறம்தான் உடம்பு பழகும்.

இவன் பழகியிருந்தான். பழக்கியது அவள் இல்லை.

ஊசி போடுவதற்கு முன் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. வீட்டு ஆளிடம் என்னத்தைக் கேட்பது என்று விட்டிருந்தாள். இப்போது கேட்டாள். குரல் வழக்கம்போலத்தான் இருந்தது.

"வேற எதுக்காவது வைத்தியம் பார்த்துக்கிட்டிருக்கீங்களா?"

"இதைப் போட்டுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. போடு" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

எந்த டாக்டர் என்று அவள் கேட்கவில்லை. இருந்த தசையைத் திரட்டிப் பிடித்து, செங்குத்தாக இறக்கி, மருந்தைச் செலுத்தி, வெளியே எடுத்தாள். அவன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. பஞ்சைத் தானே எடுத்து அழுத்திக்கொண்டான்.

அறைக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. பெண்டாட்டி கை பட்டால் வலிக்காது போல என்று யாரோ சமாதானம் சொன்னார்கள்.

ஊசி போட்டவர்களைக் கால் மணி நேரம் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். அவனை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தாள். வேலையைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டுத் தானும் போய் அவன் அருகில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. கோபமும் வந்தது. எது முதலில் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஊருக்கெல்லாம் பார்க்கறேன். என்கிட்ட ஏன் சொல்லல?"

"டாக்டர் என்ன சொன்னாலும் நம்பிக்கலாம். உன்கிட்ட சொன்னா உன் மூஞ்சியைப் பார்ப்பேன். பார்த்தா எனக்கு நிஜம் தெரிஞ்சிடும்."

அப்புறம் வியாதியின் பெயரைச் சொன்னான்.

அவள் தாடையில் கிடந்த மாஸ்க்கைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.