கத்தரிக்கோல்

அம்மாவுக்கு வந்த மறதி நோய் அக்கா திலகவதிக்கும் வந்துவிட்டது. அடுத்து தனக்குமா என்று தெரிந்துகொள்ள வாசுகி டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். முன்கூட்டியே தெரிந்தால் கொஞ்ச வருடமாவது தள்ளிப்போடப் பார்க்கலாம் என்று அவர் சொல்லியிருந்தார். வீட்டில் தனியாக விட முடியாததால் அக்காவும் பக்கத்து நாற்காலியில் இருந்தாள், கழற்றிய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு.

“சாவி, தாமரை, பள்ளிக்கூடம், மஞ்சள், கத்தரிக்கோல். கொஞ்சம் கழிச்சுக் கேட்பேன்,” என்றார் டாக்டர். “பக்கத்துல இருக்கவங்க எடுத்துக்கொடுக்கக் கூடாது.”

“நான் ஏன் வாயத் தொறக்கப்போறேன்?” என்றாள் அக்கா.

வாசுகி நூறிலிருந்து ஏழேழாகக் கழித்தாள். பதினொன்றேகால் காட்டும் கடிகாரம் ஒன்று வரைந்தாள். பிறகு டாக்டர் கேட்டபோது நான்கு சொற்கள் வந்தன. ஐந்தாவது வரவில்லை.

பக்கத்தில் ஏதோ அசைந்தது. செருப்புக்கு மேல் அக்காவின் சுட்டுவிரலும் நடுவிரலும் விரிந்து விரிந்து மூடின.

போன வருடம் இதே சொற்களில் அக்காவுக்கு இரண்டுதான் வந்ததாம். அன்று வாசுகி வெளியே காத்திருந்தாள். அதற்குப் பிறகு தினமும் பல் தேய்க்கும்போது அக்கா எதையோ முணுமுணுப்பாள். சாமி பெயர் என்று வாசுகி நினைத்திருந்தாள்.

டாக்டரும் விரல்களைப் பார்த்துவிட்டார்.

“யார் வீட்டுப் பொண்ணோ, பயந்துபோயிருக்கு,” என்றாள் அக்கா அவரிடம். “மார்க் போட்டுக் குடுத்துடுங்க சார்.”

“தானா வரலை டாக்டர்,” என்றாள் வாசுகி. அந்த இரண்டு விரல்களையும் தன் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். உள்ளே அவை இன்னும் வெட்டிக்கொண்டிருந்தன.